முப்பது எண்ணும் வரை

கொழும்பில் குளிரா என்று சிரிப்பார்கள்.
எஞ்சினுக்குக் குளிர் என்றால்
ஆறு மணி நேரம் சும்மா நின்றது, அவ்வளவுதான்.
இரவு முழுக்க ஒயில் சொட்டுச் சொட்டாக இறங்கி
அடித்தட்டில் போய்ப் படுத்துவிடும்.
மேலே இரும்பும் இரும்பும் வெறுமேலோடு.

இதை நான் படித்தது
ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கட்டி.
தெமட்டகொடை கராஜில் றிங் மாற்றிய பில்
இன்னும் டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கிறது,
இன்சூரன்ஸ் கடதாசிக்குக் கீழே.

விடியப்புறம் மூன்று ஐம்பது. மழை விட்டு
ஹம்டன் லேன் முழுக்கத் தவளைச் சத்தம்.
மேல்மாடி ஃபர்ஸானா படிக்கட்டின் நடுவில்
கைபிடியை இறுக்கிக்கொண்டு நின்றாள்.
நௌஷாத்தின் ஃபோனில் டாக்ஸி தேடும் வட்டம்
சுற்றியது, சுற்றியது.
"ஆன்ட்டி, உங்கட கார் ஓடுமா?"

ஓடும்.
நிஸான் சனி, பதினாறு ஸ்ரீ,
ஒரு பக்க மட்கார்டைக் கடல் உப்பு தின்றுவிட்டது.
சோக்கை இழுத்தேன். திறப்பைத் திருகினேன்.
இருமியது. மறுபடி.
மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது.

இனி எண்ண வேண்டும்.
ஒன்று, இரண்டு.
"போங்க ஆன்ட்டி, போங்க."
பதினொன்று.
முன்வீட்டு மிஸிஸ் வீரக்கொடி ஜன்னலைத் திறந்து
சிங்களத்தில் ஏதோ ஏசத் தொடங்கி
பின்சீற்றைப் பார்த்துவிட்டு
வாயை மூடிக்கொண்டார்.
பத்தொன்பது.
தயக்கம் இல்லை இது என்று
யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது?
இருபத்தேழில் அவள் கத்தினாள்.
மிச்சம் மூன்றையும் விட்டுவிட்டேன்.

ஹவ்லொக் வீதி ஈரமாய், ஆளில்லாமல்,
பற பற என்று நீண்டு கிடந்தது.
பறக்கக்கூடாது.
முட்டைமேல் வைத்ததுபோல் பாதம்.
மூன்றாம் கியர். சூட்டு முள் இன்னும் அடியில்.
"த்ரீவீல்ல போயிருந்தா..." என்றான் நௌஷாத்,
முழுதும் சொல்லவில்லை.

முன்பு இதே பாதையில் ஐந்து சாவடி.
ஒவ்வொன்றிலும்
எஞ்சினை நிற்பாட்டு, உள்விளக்கைப் போடு, அடையாள அட்டையை நீட்டு.
அந்த வருடங்களில் இந்தக் கார்
ஒருநாளும் ஒழுங்காகச் சூடாகவில்லை.
றிங் தேய்ந்ததில் அதற்கும் பங்கிருக்கும்.
பில்லில் அந்த வரி இல்லை.

திம்பிரிகஸ்யாயவில் முள் அசைந்தது,
நகக்கண் அளவு.
தும்முல்ல சந்தியில் கால்வாசி.
அப்போதுதான் அழுத்தினேன்.
கார் திக்கியது. விம்மியது.
கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை.
"வயசு போட்டுது" என்றேன், அதற்காக மன்னிப்புக் கேட்பதுபோல.
"யாருக்கு?" என்று ஃபர்ஸானா சிரித்தாள்,
சிரிப்பு பாதியில் உடைந்து வலியானது.

கனத்தை மதில் நனைந்து கறுத்திருந்தது.
ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
காசல் வீதி. வெளிச்சம். சக்கர நாற்காலி.
கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு
இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

எஞ்சின் இருக்கவேண்டிய சூட்டில் இருக்கிறது இப்போது.
போக ஓரிடமும் இல்லை.
என்ன இது, இவ்வளவு பெற்றோல் மணம்?
குனிந்து பார்க்கிறேன்.
சோக்,
ஹம்டன் லேனில் இழுத்த அதே இழுவையில்,
முழு நீளத்துக்கு வெளியே.
என் வலது காலில் என் செருப்பு,
இடது காலில் வேறு யாருடையதோ.

உள்ளே தள்ளுகிறேன்.
ஒரு பெருமூச்சு விட்டுச் சீராகிறது கார்.
இங்கே நிறுத்தக்கூடாது என்று
டோர்ச் லைற்றை ஆட்டுகிறார் காவலாளி.
பின்சீற்றில் அவர்கள் மறந்த பை:
இரண்டு துவாய், ஒரு ஃபிளாஸ்க்,
என் பெருவிரலுக்கே போதாத
மஞ்சள் நூல் காலுறை ஒரு சோடி.

எஞ்சினை நிற்பாட்டவில்லை.
பையோடு இறங்குகிறேன்.